கடல் காத்த சான்று

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வாழும் மாணவர்கள் கடலைக் காண வேண்டுமாயின் கிழக்கு நோக்கி நெடுந்தொலைவு செல்லுதல் வேண்டும். ஆயினும், அவர்கள் நாள்தோறும் நடந்து திரியும் நிலமே ஒரு காலத்தில் கடலின் அடித்தளமாக இருந்தது. காரை என்னும் ஊரை அடுத்த ஓடைக்கரைகளிலும், கல்லங்குறிச்சியைச் சார்ந்த சுண்ணாம்புப் பாறைகளிலும் சிப்பிகளும் கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒருவகை, ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்டிருக்கும். அதற்கு அம்மோனைட்டு என்று பெயர். ஆட்டுக்கொம்பு தாங்கிய அம்மோன் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் பெயரால் அமைந்த சொல் அது. பண்டைக் கிரேக்கர் அத்தெய்வத்தைத் தம் முதற்கடவுளாகிய சீயசுவோடு ஒன்றாகக் கருதி வழிபட்டனர். அரியலூர்க் கல் ஒன்றின் பெயரில் கிரேக்கர் உலகம் இவ்வாறு கலந்து நிற்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று உண்டு. 1940 ஆம் ஆண்டில் நில நூலார் அதனைக் கண்டறிந்தனர். பல கோடி ஆண்டுகளுக்கு முன், வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டுக் கடலில் ஆழ்ந்து, மணலாலும் சேற்றாலும் மூடப்பட்ட மரம் அது என்பர். கரையில் விழுந்த மரங்கள் மக்கி மண்ணாயின. கடலில் ஆழ்ந்த மரமோ கல்லாகி நின்று நமக்குச் சான்று பகர்கின்றது. அழிவு என்று நாம் எண்ணுவது சில வேளைகளில் காவலாக அமைந்துவிடுகிறது. மரத்துக்கு உண்மையான இது, மரத்தால் செய்த கலத்துக்கும் உண்மையாகும். பண்டைக் காலத்தில் கவிழ்ந்த கலங்களைப் பற்றியும், அவற்றின்பால் நாம் கொள்ள வேண்டிய கடமையைப் பற்றியும் ஈண்டுச் சிறிது சிந்திப்போம்.

யவனர் என்னும் சொல்லை நம் சங்க நூல்களில் காண்கிறோம். ஆசியக் கரையில் வாழ்ந்த அயோனியர் என்னும் கிரேக்க இனத்தாரின் பெயரே திரிந்து இச்சொல்லாயிற்று. முதலில் கிரேக்கரைக் குறித்த இப்பெயர், பின்னர் உரோமப் பேரரசின் குடிகளாய் எகிப்து நாட்டிலிருந்து கலம் செலுத்தி வந்தோரையும் குறிக்கலாயிற்று. யவனர் பொன் கொணர்ந்து கொடுத்து, மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றில் காணலாம். செங்கடலை அடுத்த துறைகளிலிருந்து புறப்பட்ட அவர்கள், தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் பெருங்கடலைக் கடந்தனர். அரபு நாட்டின் தென்மேற்கு முனையிலுள்ள ஓக்கெலிசுத் துறையிலிருந்து நாற்பது நாளில் முசிறியை அடையலாம் என்று பிளினி என்னும் உரோம அறிஞர் எழுதி வைத்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் அறியப்படாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய 'எரித்ரேயக் கடற்செலவு' என்னும் நூல், முசிறியையும் கீழைக்கடற்கரைத் துறைகளையும் பெயர் சுட்டிக் கூறுகிறது.

கடலில் செல்லும் கலங்கள் எல்லாம் கரை சேர்வதில்லை. கரை சேர்ந்த கலங்களைப் புலவர் பாடினர். கவிழ்ந்த கலங்களைக் கதைகள் பேசின. காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் சாதுவன் ஏறிய கலம் புயலில் சிக்கி உடைந்ததையும், ஒடிந்த மரத்துண்டைப் பற்றி அவன் நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்ந்ததையும் மணிமேகலை கூறும். கிரேக்கப் பெரும்புலவர் ஓமரின் காப்பியத்தில் ஒடிசியசு என்னும் வீரன், உடைந்த கலத்தின் பாய்மரத்தையும் அடிமரத்தையும் சேர்த்துக் கட்டி, அவற்றின்மேல் இருந்து உயிர் தப்புகிறான். இரு கடல்களில் வாழ்ந்த இரு மக்களும் ஒரே அச்சத்தை அறிந்திருந்தனர். எனினும், கதையில் வரும் கலத்தை நாம் அளந்து பார்த்தல் இயலாது. அதன் பலகைகள் எவ்வாறு இணைக்கப்பட்டன, அதில் எத்தனை பேர் உண்டனர், என்ன உண்டனர் என்னும் வினாக்களுக்கு விடை வேண்டுமாயின், கடலின் அடியில் கிடக்கும் கலத்தையே கேட்டல் வேண்டும்.

அவ்வாறு கேட்டபோது விடை பகர்ந்த கலங்களுள் ஒன்று, சைப்பிரசுத் தீவில் கைரீனியா என்னும் ஊருக்கு அருகில் கிடந்தது. சற்றேறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கிரேக்க வணிகக் கலம் அது. 1965 ஆம் ஆண்டில் மூழ்காளர் ஒருவர் அதனைக் கண்டார். ஏறத்தாழ நானூறு சாடிகளும், திரிகைக் கற்களும், ஆயிரக்கணக்கான வாதுமைக் கொட்டைகளும் அதில் இருந்தன. நீர் அருந்தும் குவளைகளும் கரண்டிகளும் நான்கு நான்காகக் கிடைத்தமையால், கலத்தைச் செலுத்தியவர் நால்வர் என ஆராய்ச்சியாளர் துணிந்தனர். மீன் வலைக்குரிய ஈயக்குண்டுகள் கிடைத்தமையால், அவர்கள் வழியில் மீன் பிடித்து உண்டனர் என்பது விளங்கிற்று. பலகைகளில் காணப்பட்ட செப்பனிட்ட அடையாளங்கள், அக்கலம் நெடுங்காலம் உழைத்த பழங்கலம் என்பதைக் காட்டின. அந்த நால்வரின் பெயர்களை எந்த வரலாற்று நூலும் எழுதவில்லை. மன்னர் போர்களைப் பெரிதும் பேசும் வரலாறு மறந்துவிட்ட எளிய உழைப்பாளரைக் கடல் மறக்கவில்லை.

கிரேக்க நாட்டின் தெற்கே ஆண்டிகித்தெரா என்னும் சிறு தீவு இருக்கிறது. 1900 ஆம் ஆண்டில், கடற்பஞ்சு எடுக்கும் மூழ்காளர் அதன் அருகே ஒரு பழங்கலத்தைக் கண்டனர். கி.மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய கலம் அது. அதிலிருந்து வெண்கலப் படிமங்களும் சலவைக்கல் சிலைகளும் எடுக்கப்பட்டன. ஆழ்நீரின் இயல்பு நன்கு அறியப்படாத காலமாதலின், அம்முயற்சியில் மூழ்காளர் ஒருவர் உயிர் துறந்தார். இருவர் உடல் முடங்கினர். எடுக்கப்பட்ட பொருள்களுள் பச்சைக் களிம்பேறிய ஓர் உலோகத் துண்டும் இருந்தது. அதில் பற்சக்கரங்கள் இருப்பதை 1902 இல் கண்டனர். ஞாயிறு திங்களின் இயக்கத்தையும் கிரகணங்களையும் கணித்துக் காட்டும் பொறி அது என்பது பின்னாளைய ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. கிரேக்கர் இத்தகைய நுண்பொறி செய்ய வல்லவர் என்று அதற்கு முன் எவர் கூறியிருப்பினும், உலகம் எளிதில் நம்பியிராது.

அக்கலத்துச் சலவைக்கல் சிலைகள் நமக்கு ஒரு பாடமும் கற்பிக்கின்றன. மணலுள் புதைந்திருந்த பகுதிகள், சிற்பி செதுக்கிய மெருகோடு இன்றும் விளங்குகின்றன. நீரில் வெளிப்பட்டிருந்த பகுதிகளோ, கல்லைத் துளைக்கும் கடலுயிர்களால் அரிக்கப்பட்டு உருவழிந்தன. மேலும், நிலத்தின்மேல் நின்ற கிரேக்க வெண்கலப் படிமங்களுள் பெரும்பாலானவற்றை உலோகத்தின்மேல் ஆசை கொண்டோர் பிற்காலத்தில் உருக்கிவிட்டனர். கடலில் ஆழ்ந்தவை தப்பின. மனிதன் கையில் இருந்தது அழிந்தது. கடலின் கையில் இருந்தது பிழைத்தது. இதனை எண்ணுந்தோறும் நாம் நாணுதல் வேண்டும்.

இனி நம் கடற்பக்கம் வருவோம். இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டைக்கு அருகில் கொடவாய என்னும் ஊர் உளது. 2003 ஆம் ஆண்டில், சங்கு குளிக்கச் சென்ற மீனவர் அவ்வூரை அடுத்த கடலில், முப்பது மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், ஒரு பழங்கலத்தின் சிதைவுகளைக் கண்டனர். கண்ணாடிக் கட்டிகளும், மட்கலங்களும், கால்களையுடைய அம்மி போன்ற கற்களும் அங்குக் கிடந்தன. அவ்வகைக் கல் ஒன்றில் மீன் வடிவமும் மங்கலக் குறிகளும் பொறிக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கலமே, இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட மூழ்கிய கலங்களுள் மிகப் பழையது என்பர். கிரேக்கக் கடலில் கடற்பஞ்சு எடுப்போர். இலங்கைக் கடலில் சங்கு குளிப்போர். இரண்டிடத்தும் பெருஞ்சான்றை முதலில் கண்டவர் ஏட்டுக் கல்வி மிக்கவர் அல்லர். கடலில் உழைத்துப் பிழைப்பவர். அவர்கள் கண்டதை மறைக்காது உரைத்தமையால் உலகம் அறிந்தது.

தமிழகக் கடலில், யவனர் கலம் என்று துணிந்து கூறத்தக்க சிதைவு இதுவரை வெளிப்படவில்லை. ஆயினும், கலங்கள் சென்று சேர்ந்த இரு கரைகளிலும் சான்றுகள் உள. 1945 ஆம் ஆண்டில் அரிக்கமேட்டில் நிகழ்ந்த அகழாய்வில் மேலை நாட்டு மட்கலங்கள் வெளிப்பட்டன. எகிப்து நாட்டுப் பெரனிகே துறையில், இந்திய நாட்டுச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோகிராம் மிளகு கிடைத்தது. அத்துறையிலும் அதற்கு வடக்கேயுள்ள குசேர் அல்கதிம் துறையிலும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கண்டெடுக்கப்பட்டன. முசிறி வணிகம் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதிய ஒப்பந்த ஏடு ஒன்று வியன்னா நகரில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினதாகிய அவ்வேட்டில் எர்மபொல்லோன் என்னும் கலத்தின் பெயரும், அது ஏற்றிச் சென்ற யானைத் தந்தம் முதலிய சரக்குகளின் மதிப்பும் காணப்படுகின்றன. புலவர் பாடியது வெறும் புனைந்துரை அன்று என்பதை, நம் மொழி அறியாத ஒருவர் எழுதிய கணக்கே மெய்ப்பிக்கிறது.

சான்று எப்பொழுதும் நாம் விரும்பியவாறே பேசும் என்று எண்ணுதல் கூடாது. பூம்புகார்க் கடலில் ஆய்வு செய்தோர் தேடியது, கடல் கொண்ட பழம்பட்டினத்தின் அடையாளங்களை. ஆனால், 1991 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழத்தில் அவர்கள் கண்ட கலச் சிதைவிலிருந்து ஈயக் கட்டிகள் கிடைத்தன. அவற்றின்மேல் பிளாக்கெட்டு என்னும் ஆங்கிலப் பெயரும், 1791, 1792 என்னும் ஆண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. சங்க காலத்து நாவாயைக் காண அவாவியவர்க்கு, ஈராயிரம் ஆண்டு முதுமையில்லாத ஐரோப்பிய வணிகச் சரக்கு எதிர்ப்பட்டது. ஆய்வாளர் அதனை உள்ளவாறே உலகுக்கு உரைத்தனர். இதுவே அறிவுடைமை. பழமையின்மேல் கொண்ட பற்றினால் புதியதைப் பழையது என்று சொல்வோமாயின், உண்மையாகவே பழையதைச் சொல்லும்போதும் உலகம் நம்மை நம்பாது. பெருமைக்கு முதற்பகை பொய்ம்மை.

அண்மைக் காலத்துக் கலங்களுக்கு ஏட்டுச் சான்றுகள் நிறைய உள. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனத் தேயிலையை இங்கிலாந்துக்கு விரைந்து கொணரக் கிளிப்பர் என்னும் ஒடுங்கிய பாய்மரக் கலங்களைக் கட்டினர். 1868 இல் கட்டப்பட்ட அத்தகைய கலம் ஒன்றுக்கு, பாரசீகரைக் கிரேக்கர் எதிர்த்து நின்ற தெர்மோபிலே என்னும் கணவாயின் பெயரை வைத்தனர். 1872 ஆம் ஆண்டில் கட்டி சார்க்கு என்னும் மற்றொரு கலத்தோடு அது போட்டியிட்டது. கட்டி சார்க்கின் சுக்கான் ஒடிந்துபோகத் தெர்மோபிலே ஏழு நாள் முந்தி வந்தது. சூயசுக் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டதும், நீராவிக் கப்பல்கள் கீழைநாட்டு வாணிகத்தைக் கைக்கொண்டன. கிளிப்பர்களின் காலம் சாய்ந்தது. தெர்மோபிலே போர்ச்சுகல் நாட்டுக் கடற்படைக்கு விற்கப்பட்டு, 1907 இல் காசுகாயிசு நகருக்கு அப்பால் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. அதன் உடன்பிறப்பு என்னத்தக்க கட்டி சார்க்கோ, இலண்டனை அடுத்த கிரீனிச்சில் காட்சிப் பொருளாகப் போற்றப்படுகிறது. இவ்வளவும் நாம் அறிதற்குக் காரணம், அக்காலத்தார் நாட்குறிப்புகளை எழுதி வைத்தமையே. முசிறிக்கு வந்த யவனக் கலங்களுக்கு அத்தகைய நாட்குறிப்புகள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆதலின், அவற்றுள் ஒன்று கடலடியில் கிடைக்குமாயின், அதன் ஒவ்வோர் ஆணியும் ஓர் ஏடு; ஒவ்வொரு பானை ஓடும் ஓர் எழுத்து.

இங்கே இருவகைத் தடை எழலாம். "நம்மிடம் பாட்டு இருக்கிறது, உடைந்த பானையைத் தேடிக் கடலுள் இறங்குவானேன்?" என்று கேட்பார் உளர். யான் வாழ்நாள் எல்லாம் பாட்டைக் கற்றவன். பாட்டின் அருமையைக் குறைத்துப் பேசேன். ஆயினும் பாட்டு உணர்த்துவது வேறு. பானை உணர்த்துவது வேறு. கலம் வந்தது என்று பாட்டுச் சொல்லும். அது எத்துணைப் பெரிது, எதனால் ஆயது, எங்கே கட்டியது என்பதைப் பலகைதான் சொல்லும். இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கும் தூண்கள்.

"கடலடியில் கேட்பாரற்றுக் கிடக்கும் சாடியை ஒருவன் எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டால் என்ன குறை?" என்பது மற்றொரு தடை. குறை மிகப் பெரிது. கைரீனியாக் கலத்தின் குவளைகளை நால்வர் நான்கு ஊர்களுக்குக் கொண்டு சென்றிருப்பின், கலத்தில் நால்வர் இருந்தனர் என்பதை எவரே அறிந்திருப்பர்? பொருளின் மதிப்பில் பாதி அப்பொருளில் உளது. மறுபாதி அது கிடக்கும் இடத்தில் உளது. இடம் பெயர்ந்த சான்று, நாவறுந்த சாட்சி. இதனை உணர்ந்தே, 2001 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு ஓர் உடன்படிக்கையை இயற்றியது. நூறாண்டுக்கு மேல் நீரடியில் இருக்கும் மரபுப் பொருள்களைக் கிடந்த இடத்திலேயே காத்தல் முதற்கண் கருதத்தக்கது என்பதும், அவற்றை விலைப்பொருளாக்குதல் தகாது என்பதும் அதன் கொள்கைகள்.

இவையெல்லாம் கடற்கரையில் வாழ்வோர்க்கு உரிய அறிவுரை, உள்நாட்டில் வாழும் நமக்கு என்ன என்று எண்ணற்க. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை நினைமின். 1025 ஆம் ஆண்டில் கடல் கடந்து படை செலுத்திய இராசேந்திர சோழனின் தலைநகரம் அது. அங்கு மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. அரண்மனை இருந்த மண்ணில் கிடைத்தமையால், அவை சோழர்க்கும் சீனர்க்கும் இருந்த தொடர்பைப் பேசுகின்றன. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்திருப்பின், அவை வெறும் ஓடுகளே. அந்நகர்ப் பெருங்கோயிலின் மதிற்கற்களை 1836 ஆம் ஆண்டில் பெயர்த்துச் சென்று, கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப் பயன்படுத்தினர். அணையால் வயல்கள் விளைந்தன. அதனை மறுத்தல் கூடாது. ஆயினும், மலையில் வேறு கல் கிடைத்திருக்கும். அந்த மதிலை இனி எவரும் தர இயலாது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டாகி நாடெங்கும் வீடாகிறது. தொழில் வேண்டா என்பது என் கருத்தன்று. வெட்டுமுன் பார்த்தலும், பார்த்ததைப் பதிந்து வைத்தலும், அரியதைத் தனியே காத்தலும் வேண்டும் என்பதே என் கருத்து. வாரணவாசியில் அமைந்துள்ள அருங்காட்சியகமும், சாத்தனூர்க் கல்மரப் பூங்காவும் இவ்வழியில் செய்யப்பட்ட நற்செயல்கள். ஆனால், அருங்காட்சியகம் ஒன்று இருத்தலால் மட்டும் மண்ணில் உள்ள சான்றெல்லாம் காக்கப்பட்டன ஆகா. அதன் உண்மைக் காவலர் அவ்வூர் மக்களே.

மாணவர்களே, ஓடையிலோ வயலிலோ ஆற்றங்கரையிலோ பழம்பொருள் ஒன்று உங்கள் கண்ணிற் படுமாயின், அதனை அகழ்ந்து எடுக்க விரையாதீர்கள். கிடந்த இடத்தையும் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடமோ ஊர் அலுவலரிடமோ தெரிவியுங்கள். நிலத்துள் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது, 1878 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உள்ள சட்டமும் ஆகும். சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதினும், அறிவுக்கு அன்பு பூண்டு செய்வது சிறந்தது.

முன்னோர் பெருமையை மேடையில் முழங்குதல் எளிது. அப்பெருமைக்குச் சான்றான ஓர் ஓட்டினைச் சிதைக்காமல் விடுதல் அரிது. ஆயினும் அதுவே பெருமை பேசுதற்கு நமக்கு உரிமை தருவது. பேசத் தெரியாத கடல் ஈராயிரம் ஆண்டு காத்து வைத்திருக்கிறது. கற்கத் தெரிந்த நாம், நம் காலம் முடியும் வரையிலேனும் அதனைக் காத்து, அடுத்து வருவோரிடம் சேர்த்தல் வேண்டும்.